ஒன்றரை மீற்றர் ரேப்பும் துள்ளும் பெட்டியும்

கேள்வி: சேர், நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக 10 சென்ரிமீற்றர் கனசதுரச் செய்மதி மாதிரி ஒன்று செய்கிறோம். காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியைப் பெட்டியிலிருந்து தள்ளி வைக்க ஒன்றரை மீற்றர் பூம், அதாவது வெளியே நீளும் கை, வேண்டும். கடையில் வாங்கிய இரும்பு அளவு ரேப்பை வெட்டி, முப்பரிமாணப் பிரிண்டரில் அடித்த பிளாஸ்ரிக் உருளையில் சுருட்டி, தங்கூசியால் கட்டி வைத்தோம். தங்கூசியைச் சுட்டு அறுத்தவுடன் ரேப் சீறிக்கொண்டு வருகிறது. பெட்டியே மேசையில் துள்ளுகிறது. சில தடவை உள்ளேயே சிக்கி நின்றுவிடுகிறது. முழுக்க நீண்டாலும் அடிப்பக்கம் தளதளவென்று ஆடுகிறது. நீளத்தைக் குறைப்பதா, அல்லது பழைய ரேடியோ அன்ரனா போல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் போடுவதா?
(மாணவி ஒருவர், கொக்குவில்)

பதில்: தங்கச்சி, நீளத்தில் கைவைக்க முதல் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் ரேப்பில் வையுங்கள். டக்கென்று ஒட்டும். செய்மதியின் வயர்களும் இரும்புத் துண்டுகளும் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து தப்பத்தானே காந்தமானியை வெளியே நீட்டுகிறீர்கள்? அதை இரும்பு ரேப்பின் நுனியில் கட்டுவது, கள்ளனுக்குப் பயந்து வீடு மாறியவர் கள்ளனையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போன மாதிரி.

பெட்டியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதன் காந்தப்புலம் ஏறத்தாழ எட்டிலொன்றாகிவிடும். ஆகவே நீளத்தைக் குறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான். மாற்ற வேண்டியது உலோகத்தை. 1977 இல் புறப்பட்ட இரண்டு வொயேஜர் கலங்களும் காந்தமானிகளை 13 மீற்றர் பூமில் தாங்கிப் போயின. அதன் தண்டுகள் கண்ணாடியிழை. உங்களுக்குக் கண்ணாடியிழை நாடா அல்லது பெரிலியம் செம்பு நாடா பொருந்தும். பெரிலியம் செம்பை அரத்தால் ராவவோ மட்டத்தாளால் தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். பொறிமுறையைப் பழகும்வரை இரும்பு ரேப்பே போதும். மலிவு, கெட்டால் இன்னொன்று வாங்கலாம். நம்முடைய கடற்காற்றில் வெட்டிய விளிம்பு கெதியாகத் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

இனித் துள்ளல். ரேப்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் பனைமட்டையின் உட்பக்கம் போலக் குழிந்திருக்கும். அந்தக் குழிவு இல்லாவிட்டால் அவ்வளவு மெல்லிய தகடு ஒரு முழம்கூட நிமிர்ந்து நிற்காது. சுருட்டும்போது அந்தக் குழிவைத் தட்டையாக்கி, நீளவாக்கில் வேறொரு வளைவை ஏற்றுகிறீர்கள். அதற்குச் செலவழித்த சக்தி முழுக்க ரேப்புக்குள்ளேயே கிடக்கிறது. தங்கூசி அறுந்ததும் அது அத்தனையும் வேகமாக மாறுகிறது. நீள நீள வேகம் கூடி, கடைசியில் ரேப் ஒரேயடியாக நிற்கும்போது நுனி சாட்டை போல வீசுகிறது. 2019 ஜூன் 17 இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம் நாட்டின் முதற் செய்மதி இராவணா-1 உம் இதே 10 சென்ரிமீற்றர்ப் பெட்டிதான். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அவ்வளவு இலேசான பொருள், பிடித்து நிறுத்த மேசைகூட இல்லாத இடத்தில், இந்த அடியை வாங்கினால் உருளத் தொடங்கிவிடும்.

பெரிய கலங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் 2003 டிசம்பரிலேயே செவ்வாயைச் சென்றடைந்தது. அதன் ராடருக்கு 20 மீற்றர் நீளத்தில் இரண்டு பூம்கள், மடித்துப் பெட்டிக்குள் அடைத்த இழைக்குழாய்கள். திறந்துவிட்டால் அவை வீசித் திரும்பிக் கலத்தையே அடிக்கலாம் என்று கணினிக் கணிப்புகள் காட்டியதால், விரிப்பதை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். 2005 மே மாதம் முதற் பூமை விரித்தபோது 13 துண்டுகளில் பத்தாவது துண்டு நேராகிப் பூட்டவில்லை. கலத்தைத் திருப்பி அந்த இணைப்பை வெயிலில் காய வைத்தார்கள், சூடேறியதும் பூட்டிக்கொண்டது.

உங்களுக்கு வழி இலகு: ரேப்பைத் தானாகப் பாய விடாமல் மோட்டரால் ஓட்டி வெளியே விடுங்கள். வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறவர்கள் நூற்கட்டையை அப்படியே விட்டுவிடுவதில்லையே, கைக்குள் பிடித்துப் பிடித்துத்தான் இளக்குவார்கள். இது பழைய முறைதான். கனடாவின் ஜோர்ஜ் கிளைன் கண்டுபிடித்த, தட்டையாகச் சுருண்டிருந்து வெளியே வரும்போது குழாயாகும் சுருள்நாடாக் குழாய்கள் 1962 செப்ரெம்பர் 29 இல் அலுவெற்-1 செய்மதியில் போயின. அவற்றில் நீளமான அன்ரனா நுனிக்கு நுனி 45.7 மீற்றர், அதை மோட்டர்தான் மெல்ல மெல்லத் தள்ளியது. புழுப்பல்லிணை (திருகுபோன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுற்றும் 'வேர்ம் கியர்') உள்ள சிறிய மோட்டராகப் பாருங்கள். ரேப் எவ்வளவு இழுத்தாலும் அதைப் பின்னுக்குச் சுற்ற முடியாது. வினாடிக்கு ஓரிரு சென்ரிமீற்றர் போதும், அவசரம் என்ன?

உள்ளே சிக்குவதுதான் உங்கள் மூன்று தொல்லைகளிலும் பொல்லாதது. ரேப்பை நடுவில் கையால் மடித்துப் பாருங்கள். எவ்வளவு மடித்தாலும் மடிப்பு தனக்கென்று ஒரே ஆரையில்தான் நிற்கும். அது ஏறத்தாழ ரேப்பின் குறுக்குக் குழிவின் ஆரைதான். உருளை அதைவிட மிகப் பெரிதானால், சுருள் அடங்கி இருக்க விரும்பாது. எங்காவது இளக்கம் கிடைத்தவுடன் தன் சொந்த ஆரைக்கு மடிந்து, சுற்றுகள் விலகி, கூட்டின் சுவரில் போய் முட்டும். வெளியே போகும் வாயில் கொஞ்சம் இறுக்கம் இருந்து, நீங்கள் உருளையைச் சுழற்றித் தள்ளினால், ரேப் வெளியே போகாமல் உள்ளேயே பூவாய் விரிந்துகொள்ளும். மிகச் சிறிய உருளையும் கூடாது: தடிப்பை ஆரையின் இரண்டு மடங்கால் வகுத்தால் வளைவு விகாரம், அதாவது வளைக்கும்போது ரேப்பின் மேற்பரப்பு எத்தனை வீதம் இழுபடுகிறது என்பது, வரும். 0.1 மில்லிமீற்றர் ரேப்பை 10 மில்லிமீற்றர் ஆரையில் சுற்றினால் 0.5 வீதம். நல்ல வில்லிரும்பு அதைத் தாங்கும். ஆரையைப் பாதியாக்கினால் 1 வீதம்; பிறகு ரேப் நேராக வராது.

ஆகவே மடிப்பின் ஆரையை அளந்து, உருளையை அதைவிடச் சற்றுப் பெரிதாக எடுங்கள். சுருளின் வெளிப்புறத்தைச் சுற்றி நான்கு ஐந்து இடத்தில் வில் பூட்டிய சிறு றோலர்களை வைத்து அமத்துங்கள். அதைவிட முக்கியம், மோட்டரை உருளையில் பூட்டாமல் வாயில் இரண்டு இறப்பர் றோலர்களுக்குப் பூட்டி, ரேப்பை வெளியே இழுங்கள். உருளைக்குக் கொஞ்சம் உராய்வு கொடுத்தால் உருளைக்கும் றோலருக்கும் நடுவில் உள்ள ரேப் எப்போதும் இழுவிசையில் இருக்கும். இழுபடும் சுருள் விரியாது. 2024 இல் நாசா ஏவிய பரீட்சார்த்தச் சூரியப் பாய்க்கலத்தில் (சூரிய ஒளி தள்ள ஓடும் கலம்) 7 மீற்றர் பூம்கள் நான்கு. அவற்றின் சுருள் சிக்காமல் இருக்க, தனி நாடா ஒன்றைக் கொண்டு பூமை வெளியே இழுத்தெடுக்கும் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் உருளையையும் மாற்றுங்கள். அது 60 பாகை அளவில் இளகும். சுருள் சதா நெருக்கினால் அதற்கு முதலே மெல்ல நெளியும். அலுமினியத்தில் கடைந்து எடுங்கள்.

அடி ஆடுவதற்குக் காரணம், உருளையிலிருந்து இறங்கும் இடத்தில் ரேப் இன்னும் தட்டையாகவே இருப்பது. குழிவு முழுதாகத் திரும்பிய பின்தான் அதற்குப் பலம். றோலருக்கு அப்பால் ஓரிரு அங்குலம் இடம் விட்டு, ரேப்பின் குழிவுக்கு அளவாக மேலும் கீழும் இரண்டு வழிகாட்டிக் கட்டைகளைப் பூட்டுங்கள். பூமின் அடி அங்கே இறுகட்டும்.

குழாய்க்குள் குழாய் வேண்டாம். ஒவ்வொரு பொருத்தும் உராயும், சிக்கும் இடம்; வெற்றிடத்தில் சாதாரண கிறீஸ் ஆவியாகிப் போகும். 2000 ஆம் ஆண்டு நாசாவின் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து நீண்ட 60 மீற்றர் தூண் போல 87 கனசதுரக் கட்டங்கள் மடிந்து விரியும் சட்டகங்களும் உண்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஒன்றரை மீற்றருக்கு அந்த வில்லங்கம் எதற்கு?

சோதிக்கும்போது பூமைக் கீழ்நோக்கித் தொங்கவிடாதீர்கள். புவியீர்ப்பே அதை இழுத்துக் கொடுத்துவிடும், பொறிமுறை நல்லது என்று நம்பிவிடுவீர்கள். படுக்கையாக விரித்து, கூரை வளையிலிருந்து நீண்ட நூல்களால் மூன்று நான்கு இடத்தில் தாங்குங்கள். ஒரு இரவு பிரீசரில், ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டும் விரித்துப் பாருங்கள்.

தங்கூசியை விட்டுவிடத் தேவையில்லை, நுனியைப் பூட்டி வைக்க அது நல்லது. ஆனால் சுடுவதற்கு ஒரு கம்பியை மட்டும் நம்பாமல், தனித்தனி வயரில் இரண்டு வையுங்கள். எது சுட்டாலும் நூல் அறுந்துவிடும். உண்மையான ஏவலுக்குப் போவதானால், ஏவுகூட்டிலிருந்து வெளியேறி 30 நிமிடம் கழியும்வரை பூம் விரியக் கூடாது என்பது கியூப்சற் (கனசதுரச் செய்மதி) விதி. அந்த நேரக்கணக்கையும் இப்போதே நிரலில் எழுதிவிடுங்கள்.