ஏசி சர்வீஸுக்கு ஐந்து ஜாப் டெம்ப்ளேட் போதும்

கேள்வி: மதுரையில் ஏசி சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறேன், எட்டு டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். டெக்னீஷியன்களுக்கு வேலையைப் பிரித்து அனுப்பும் ஃபீல்டு சர்வீஸ் மென்பொருளுக்குச் சந்தா கட்டி ஆறு மாதம் ஆகியும், ஒவ்வொரு புகாரையும் அலுவலகத்தில் முதலிலிருந்தே தட்டச்சு செய்கிறோம். 150 டெம்ப்ளேட்டுகளை (முன்கூட்டியே எழுதிவைத்த வேலைப் படிவங்களை) ஏற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். வாங்கலாமா, நாங்களே அமைத்துக்கொள்ளலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் பழைய ஜாப் கார்டு புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறது. கடந்த மூன்று மாதக் கார்டுகளை வகை பிரித்துப் பாருங்கள். பொது சர்வீஸ், கூலிங் இல்லை, தண்ணீர் ஒழுகுகிறது, புதிதாக மாட்டுதல், கழற்றி வேறிடத்தில் மாட்டுதல் ஆகிய ஐந்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அந்தக் கார்டின் மேற்பகுதியில் வேலையின் பெயர், ஆகும் நேரம், தேவையான பொருள்கள் ஆகியவை இருக்கும்; அதுதான் ஜாப் டெம்ப்ளேட். கீழே டிக் அடிக்கும் வரிகள் டாஸ்க் டெம்ப்ளேட். இரண்டையும் தனித்தனியாகச் சேமித்துவிட்டுப் பிறகு இணையுங்கள். ‘டிரெயின் குழாய் சுத்தம்’ என்ற வரிகளை ஒருமுறை எழுதினால் பொது சர்வீஸுக்கும் ஒழுகலுக்கும் அதுவே உதவும். கட்டணத்தை டெம்ப்ளேட்டுக்குள் எழுதாமல் விலைப்பட்டியலில் வைத்து அங்கிருந்து வரவழையுங்கள். வரிகளை டெக்னீஷியன்கள் பேசும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் பிடிஎஃப் அறிக்கையில் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று முதலில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டில் சந்தா வாங்கத் தெரிந்த நிறுவனங்களுக்குத் தமிழ் எழுத்துருவை ஒழுங்காகச் சேர்க்க மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.

150 டெம்ப்ளேட் விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தகைய தொகுப்புகளில் பல, குளிர்நாடுகளின் வேலைப்பட்டியலை அப்படியே பெயர்த்து ஏற்றியவை. நான் பார்க்கப்போன ஓரிடத்தில், வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸின் ஃபில்டரைச் சோதித்ததாக நம் ஊர் டெக்னீஷியன் ஒருவர் தினமும் டிக் அடித்துக்கொண்டிருந்தார்; அந்த வரியைத் தாண்டாமல் செயலி வேலையை முடிக்க விடாது என்பதால் அவருக்கு வேறு வழியில்லை. இதைவிட மோசமானது, சிலர் தங்கள் சொந்த மின்னஞ்சலிலேயே நிர்வாகிக் கணக்கைத் திறந்துகொண்டு, பிறகு ஒரு வரியை மாற்றுவதற்கும் காசு கேட்பது. அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

டிக் பெட்டிகளைக் குறையுங்கள். ‘கேஸ் ஓகே’ என்ற டிக் எதையும் சொல்லாது. அந்த இடத்தில் எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம் வைத்து, கேஜில் கண்ட அழுத்தத்தையும் கிளாம்ப் மீட்டரில் கண்ட ஆம்பியரையும் எழுதச் செய்யுங்கள். அதற்கு முன்னால் கேஸ் வகையைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். ஓடும்போது சக்ஷன் அழுத்தம், அதாவது கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம், ஆர்22 கேஸ் உள்ள இயந்திரத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 பிஎஸ்ஐ வரையிலும், ஆர்32, ஆர்410ஏ இயந்திரங்களில் 110 முதல் 130 வரையிலும் இருக்கும் என்பதால், ‘சரியான அழுத்தம்’ என்று ஒரே எண்ணைப் பதிந்துவைத்தால் அந்த டெம்ப்ளேட்டே பழுதுக்குக் காரணமாகிவிடும். கட்டாயப் புகைப்படம் இரண்டு போதும்: ஏசியின் கூலிங் காயிலைக் கழுவுவதற்கு முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று.

இனி, உங்களை உண்மையிலேயே மாட்டிவிடக்கூடிய இடம் ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். பெரும்பாலான மென்பொருள்களில், டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு ஜாப் உருவானவுடனே அது தனி நகலாகிவிடும். அதன்பின் டெம்ப்ளேட்டில் செய்யும் திருத்தம் அந்த ஜாபுக்குப் போகாது. சாதாரணப் புகாரில் இது பெரிதல்ல, நாளையோ மறுநாளோ வேலை முடிந்துவிடும். ஏஎம்சியிலோ, ஒப்பந்தம் போட்ட அன்றே ஆண்டின் நான்கு சர்வீஸ்களும் உருவாகி நாட்காட்டியில் உட்கார்ந்திருக்கும். ஜூனில் நீங்கள் கேஸ் வகைக் கட்டத்தைச் சேர்த்தாலும், செப்டம்பர் சர்வீஸுக்குப் போகிறவர் கையில் பழைய பட்டியல்தான் இருக்கும். திருத்தம் வேலை செய்யவில்லை என்று அலுவலகத்தில் ஒருவரையொருவர் குறை சொல்வீர்கள். ஆகவே, சர்வீஸ் நாளுக்கு ஒரு வாரம் முன்புதான் ஜாப் உருவாக வேண்டும் என்று அமைப்பில் மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். அந்த வசதியை உயர்ந்த சந்தாத் திட்டத்தில் பூட்டிவைத்திருந்தால் (வைத்திருப்பார்கள்), தொடங்காத சர்வீஸ்களை மட்டும் நீக்கிப் புதிய டெம்ப்ளேட்டிலிருந்து மீண்டும் உருவாக்குங்கள். நீக்குமுன், வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்ட தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த ஜாப்களைத் தொடவே கூடாது. நாளை யாராவது தகராறு செய்தால் அவைதான் உங்கள் சான்று.

ஐந்தையும் ஒரே நாளில் அமைக்க வேண்டாம். முதலில் பொது சர்வீஸை மட்டும் அமைத்து, உங்களிடம் நெடுநாளாக இருக்கும் டெக்னீஷியனிடம் ஒரு வாரம் கொடுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் வெறும் புள்ளியோ பூஜ்யமோ போட்டுக் கடக்கிறாரோ, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு அடுத்த டெம்ப்ளேட்டுக்குப் போங்கள்.