பிட்ஸ்பர்க் வரும் தம்பிக்கு, 92-ஆம் நம்பர் சட்டைக்காரரைப் பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒரு கன்சல்டன்சி மூலமாக எச்1பி விசாவில் அடுத்த மாதம் பிட்ஸ்பர்க் வருகிறீர்கள். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, குளிர் கோட்டைச் சென்னையிலேயே வாங்கிவிடலாமா, கார் உடனே வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: கிளையண்ட் மீட்டிங்கில் முதல் பத்து நிமிடம் ஸ்டீலர்ஸ், ஸ்டீலர்ஸ் என்று இந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பற்றியே பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?

கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். சென்னையில் கிடைப்பது இந்த ஊர் ஜனவரிக்குப் பத்தாது. வீடு, கார் எல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், யாராவது உதவுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, அந்த அணியில் 92-ஆம் நம்பர் சட்டை போட்டு ஆடிய ஜேம்ஸ் ஹாரிசனை வைத்து, அந்தக் கடைசி வரியைப் பற்றி. அதைவிட முக்கியமாக, நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, 'பிராஜெக்ட் தள்ளிப்போனால் அதுவரை சம்பளம் கிடையாது என்று அக்ரிமென்ட்டில் இருக்கிறது' என்று, அதைப் பற்றி. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் 2004 ஜனவரியில் வந்தவன். நியூஜெர்சி எடிசனில் கெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, ஏழு பேர். ஒரே குக்கர். காலையில் முதலில் எழுந்தவன் சாதம் வைக்க வேண்டும், கடைசியில் எழுந்தவன் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஐந்து மாதம் பெஞ்ச், அதாவது பிராஜெக்ட் கிடைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது, கையில் ஒரு டாலர் சம்பளம் இல்லை. இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன் என்றதற்கு, அடுத்த இரண்டு இன்டர்வியூவுக்கு என் பேரை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டைச் சுரண்டி அம்மாவுக்குப் போன் செய்வேன். 'வேலை எப்படிப்பா போகுது?' என்பார். 'நல்லாப் போகுதும்மா' என்பேன். ஏழு பேரும் அதே பொய்யைத்தான் வரிசையாகச் சொன்னோம்.

அப்போது எங்களுக்குச் சட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எச்1பியில் கூட்டி வந்த கம்பெனி, வேலை கொடுக்காமல் உட்கார வைத்த நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வேலையில் சேர்த்துக்கொள்ளாமல் இழுத்தடித்தாலும், நீங்கள் நாட்டுக்குள் வந்து 30 நாள் ஆனால் அந்தக் கடமை தொடங்கிவிடும். எல்சிஏ என்று கம்பெனி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் ஒரு தாள் உண்டு, அதில் உங்கள் சம்பளம் எழுதியிருக்கும், அதன் நகலை அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க டபிள்யூஎச்-4 என்ற படிவம் இருக்கிறது, 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நம் ஆட்களே நடத்தும் கம்பெனிதானே, ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். என்னை உட்கார வைத்தவரும் நம் ஊர்க்காரர்தான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டுச் சம்பளத்தை அனுப்பாமல் இருந்தவர்.

சரி, ஃபுட்பாலுக்கு வருகிறேன். இரண்டும் எனக்கு ஒரே கதைதான்.

அந்த ஜூனில் ஒரு வழியாகப் பிராஜெக்ட் கிடைத்து, செப்டம்பரில் இந்த ஊருக்கு மாற்றினார்கள். மன்ரோவில்லில் ஒரு அபார்ட்மென்ட். கீழ்வீட்டில் ஒரு பெரியவர், ஹோம்ஸ்டெட் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலையை 1986-இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடம் வாட்டர்ஃபிரண்ட் என்ற கடைத்தெரு, பழைய புகைக்கூண்டுகள் 12 மட்டும் வரிசையாக நிற்கின்றன, வரும்போது பாருங்கள். ஆலைகள் மூடியபோது இந்த ஊர் இளைஞர்கள் டெக்சாஸ், ஃபுளோரிடா என்று பிழைப்பைத் தேடிப் போனார்கள். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் அப்படிப் போனவர்கள். எந்த ஊரில் ஸ்டீலர்ஸ் ஆடினாலும் அரங்கில் பாதி, ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சுழற்றும் மஞ்சள் துண்டாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போனது இந்த அணியை. இது எனக்குப் புரிந்த அன்றே அந்தப் பெரியவரும் என்னைப்போலப் புலம்பெயர்ந்தவர்களின் சொந்தக்காரர் என்று தோன்றிவிட்டது.

2004 நவம்பர் 14, ஞாயிறு. படியில் பார்த்தவர், ஆட்டம் பார்க்க வா என்று கூப்பிட்டார். கிளீவ்லாந்தில் ஆட்டம். தொடங்குவதற்கு முன்பே மைதானத்தில் கைகலப்பு, ஸ்டீலர்ஸின் முக்கியமான லைன்பேக்கர் (எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரர்) ஜோயி போர்ட்டரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் இறங்கியவர் ஜேம்ஸ் ஹாரிசன். பெரியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, விரலால் டிவியைத் தொட்டு அந்த 92-ஐக் காட்டினார். பந்தைப் பார்க்காதே, இவனை மட்டும் பார் என்றார். பிறகு அவன் கதையைச் சொன்னார். எனக்கு ஆட்டம் புரியவில்லை. கதை புரிந்தது.

ஓஹையோ மாநிலம் ஏக்ரனில் 1978-இல் பிறந்தவர் ஹாரிசன். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்குள் ஸ்காலர்ஷிப் இல்லாமலே நுழைந்தவர். 2002-இல், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எந்த அணியும் பேரைச் சொல்லவில்லை. உயரம் ஆறடி. லைன்பேக்கருக்குக் குட்டை, முன்வரிசைக்கு எடை போதாது என்றார்கள். ஸ்டீலர்ஸ் பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்துக்கொண்டது. அது நம் பெஞ்ச்தான் தம்பி: பயிற்சிக்கு வர வேண்டும், அடி வாங்க வேண்டும், ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள், எந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுமானாலும் பையைத் தூக்கச் சொல்வார்கள். சொன்னார்கள், பல முறை. பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்து, ஜெர்மனிக்கு, ரைன் ஃபயர் என்ற அணிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் விலக்கியது. நான் எடிசனில் சாதம் வைத்துக்கொண்டிருந்த அதே 2004 வசந்தத்தில் அவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். ஜூலையில் ஸ்டீலர்ஸ் ஆள் ஒருவருக்குக் கையில் அடிபட்டதால் மறுபடி கூப்பிட்டார்கள்.

ஆரம்பத்தில் அவர் மேலும் தப்பு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிளேபுக் என்று ஒரு தடிமனான புத்தகம் கொடுப்பார்கள், எந்த நேரத்தில் யார் எங்கே நிற்பது என்று. அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. பயிற்சியின் நடுவே புரியாமல் போனால் அப்படியே நின்று கையை விரித்துவிடுவாராம், என்னை வெளியே எடுங்கள் என்பாராம். உடம்பு மட்டும் போதாது என்று அவருக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

இப்போது ஆட்டம். ஊரில் கபடி பார்த்திருப்பீர்கள். பாடி வருபவனுக்குத்தான் கைதட்டல். ஆனால் இந்தப் பக்கம் ஓரத்தில் ஒருவன் நிற்பான், வருபவனின் கால் எந்தப் பக்கம் சாயும் என்று கண் இமைக்காமல் பார்த்திருந்து, சரியான நொடியில் கணுக்காலைக் கவ்வுவான். டிஃபென்ஸ் என்பது அவன் வேலை. பந்து வைத்திருக்கும் அணி 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. என்ன செய்யப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், டிஃபென்ஸுக்குத் தெரியாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே கோட்டுக்குப் பின்னால் சாய்த்தால் அது சாக். அவருக்குக் காவலாக நிற்பவர்கள் ஆறரை அடி, 300 பவுண்டுக்கு மேல். ஹாரிசன் தாழ்வாகப் பாய்ந்து, அவர்கள் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து நெம்பிவிடுவார். குறை என்று எழுதிய அந்த உயரம்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2007-இல்தான் நிரந்தர இடம் கிடைத்தது, அவருக்கு அப்போது 29 வயது. 2008-இல் 16 சாக், என்எஃப்எல் என்ற தேசிய லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது. டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், 2009 பிப்ரவரி 1, டாம்பாவில், அரிசோனா கார்டினல்ஸுக்கு எதிராக. அன்றைக்கும் பெரியவர் வீடுதான். என் மனைவி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, மெதுவடை சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

முதல் பாதி முடிய 18 விநாடி. ஸ்டீலர்ஸ் 10, கார்டினல்ஸ் 7. கார்டினல்ஸ் ஸ்டீலர்ஸின் கடைசிக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறார்கள், அதைத் தாண்டினால் முன்னிலை. ஹாரிசன் குவார்ட்டர்பேக் மேல் பாய வேண்டிய ஆள். ஓர் அடி முன்னால் வைத்துப் பாய்வதுபோலக் காட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த பந்து நேராக அவர் கையில். பெரியவர் எழுந்தார். தட்டு சரிந்து வடை கம்பளத்தில் உருண்டது, யாரும் பார்க்கவில்லை. அந்தக் கனமான மனுஷன் ஓரக்கோட்டை ஒட்டி ஓடினார், ஓடினார், முழு மைதானமும், 100 யார்டு. கடைசியில் இரண்டு பேர் பிடித்து இழுக்க, அவர்களோடு சேர்ந்து கோட்டுக்குள் விழுந்தார். எழவே இல்லை. மல்லாந்து கிடந்து நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கினார், பிறகு ஆக்சிஜன் வைத்தார்கள். ஸ்டீலர்ஸ் 27-23 என்று ஜெயித்தது. அந்த ஓட்டம் இல்லாவிட்டால் இல்லை.

பிளேபுக் புரியாமல் கையை விரித்தவர், எதிரணி என்ன எறியப்போகிறது என்று ஊகித்து நின்றார் பாருங்கள், அந்த ஓர் அடிக்காகத்தான் நான் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கிறேன்.

அவரைச் சாமியாக்கிக் கும்பிடவும் வேண்டாம். 2010-இல் தலையில் மோதியதற்கு ஒரே அடிக்கு 75,000 டாலர் அபராதம், 2011-இல் ஒரு ஆட்டத் தடை. எனக்கு அதில் சமாதானமே இல்லை. காரணம் இன்னொரு புலம்பெயர்ந்தவர், டாக்டர் பென்னெட் ஓமலு. நைஜீரியாவிலிருந்து வந்து இந்த ஊர் பிண ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 2002-இல் பழைய ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தபோது, அவர் யார் என்றே ஓமலுவுக்குத் தெரியாது, ஃபுட்பாலும் தெரியாது. மூளையை வெட்டிப் பார்த்து, அடிபட்டு அடிபட்டு வந்த நோயைக் கண்டுபிடித்து 2005-இல் எழுதினார். லீகின் மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. என் மகன் ஒன்பதாம் வகுப்பில் ஃபுட்பால் அணியில் சேரக் கேட்டான். வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றும் அந்த முடிவில் மாற்றம் இல்லை.

ஆக, கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா என்றால், ஓமலுவைப்போலத் தெரியாமலும் இங்கே பெரிய வேலை செய்யலாம். ஆனால் தெரிந்துகொள்ள மறுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 20 வருடம் இருந்துவிட்டு, 'கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் ஒரு ஃபுட்பாலா' என்று இன்னும் கேட்பவர்கள், அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள், கோயில், மளிகைக்கடை, வாட்ஸ்அப் குழு என்று மூன்று இடத்திலேயே வாழ்ந்து முடிப்பவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்து இறங்காதீர்கள். மீட்டிங்கில் பேசுவதற்காக ஸ்கோரை மனப்பாடம் செய்வதும் வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போங்கள். ஆட்டம் தானாக வரும். இப்போது என்றால் டி.ஜே. வாட், ஹாரிசன் ஸ்டீலர்ஸுக்காக எடுத்த 80.5 சாக் சாதனையை 2023-இல் முறியடித்தவர்.

2017 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், 39 வயதில் ஹாரிசனை ஸ்டீலர்ஸ் மறுபடி விலக்கியது. மூன்றே நாளில் எதிரணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் சேர்ந்து ஆடினார், அடுத்த ஏப்ரலில் ஓய்வு. ஊரே துரோகி என்றது. பெரியவரிடம் போனில் கேட்டேன். அத்தனை முறை வெளியே அனுப்பியவர்களுக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்றார். ஆலை மூடியதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் பேசினார்.

பெரியவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் துண்டு எங்கள் வீட்டு டிவி மேல் கிடக்கிறது, ஓரத்தில் வடை எண்ணெய்க் கறையோடு. வந்ததும் ஒரு ஞாயிறு காலை பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். தரிசனம் முடித்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டு 1 மணி ஆட்டத்துக்கு எங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால், கையெழுத்துப் போடும் முன்னால், அந்த அக்ரிமென்ட்டில் சம்பளம் பற்றிய பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்புங்கள்.