மேட்டில் மூச்சு வாங்கும் மின் சைக்கிள்கள்: கேள்வி-பதில்

கேள்வி: மூட்டை முடிச்சோடு மலைப்பாதையில் பல நாள் பயணம். சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள சைக்கிளா, பெடல் தண்டில் மோட்டார் உள்ளதா?

பதில்: பெடல் தண்டில் உள்ளது. சக்கரத்துக்குள் இருக்கும் ‘ஹப்’ மோட்டாருக்கு உங்கள் கியர் உதவாது. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே வீணாகலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன். நான்கு பைகளைத் தொங்கவிட்டு ஏறினால், மூன்றாவது வளைவில் கருகல் வாடை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே நைலான் பற்சக்கரம் மெழுகு மாதிரி இழுபட்டுக் கிடந்தது. மிச்ச மேட்டைத் தள்ளிக்கொண்டேதான் ஏறினேன்.

பெடல் மோட்டாரில் செயின் சீக்கிரம் தேயும். உபரியாக ஒன்று எடுத்துப் போங்கள். பின்னால் உள்ள பெரிய பற்சக்கரம் முன்னால் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி: ‘ஒரு சார்ஜில் 100 கி.மீ.’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சமதளம், ஒல்லியான ஆள், காற்றில்லாத நாள், மோட்டார் பெயருக்கு உதவும் நிலை எல்லாம் கூடினால் வரும் தூரம் அது. பேட்டரியில் எழுதியுள்ள வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள், அதில் அடங்கும் மின்சாரம் வாட்-மணியில் வரும்: 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் 504 வாட்-மணி. இப்போது சைக்கிள், நீங்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 130 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் உயரம் ஏற புவியீர்ப்பு கேட்கும் கூலி மட்டுமே சுமார் 354 வாட்-மணி. மோட்டார் சூடு, டயர் உராய்வு, எதிர்காற்று எல்லாம் அதற்கு மேல். உங்கள் கால்கள் ஒரு பங்கு தந்தால்தான் மிச்சம். கிலோமீட்டரை விடுங்கள், எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்று கேளுங்கள். விற்பவர் முழிப்பார்.

கேள்வி: சைக்கிள் வாங்கியாகிவிட்டது. நான் 95 கிலோ, மூட்டை 35. தாங்குமா?

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள்! சைக்கிளே 25 கிலோ இருக்கும், மொத்தம் 155. சைக்கிள் ஃப்ரேமில் ஒட்டியுள்ள ‘அனுமதித்த மொத்த எடை’யைப் பாருங்கள், சைக்கிளின் எடையும் அதில் அடக்கம். 120 என்றோ 130 என்றோ இருந்தால் மூட்டையை வீட்டில் வையுங்கள்.

கேள்வி: 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்று ஒட்டிய பேட்டரி பாதி வழியில் படுத்துவிடுகிறது. ‘உங்கள் உடம்பு கனம்’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டு உடம்பைக் கேலி வேறு செய்கிறார். பேட்டரியை முழுக்கத் தீர்த்து, மின்சாரத்தை அளக்கும் மீட்டர் வழியாகச் சார்ஜ் போடுங்கள். எழுதியிருப்பது உண்மையானால் 960 வாட்-மணிக்கு மேல் இழுக்க வேண்டும். 500-இல் நின்றால் மீட்டரைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். பேட்டரியை மட்டும் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகுமாமே?

பதில்: பெடல் மோட்டாரில் ஆகாது. அந்த ஆசையை விட்டு நல்ல டிஸ்க் பிரேக்கைப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணியோடு சரி. போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று டிக்கெட் போடும் முன் விசாரியுங்கள்.