அத்தையின் கோபம் யார் மேல்?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. மதியம் சாப்பிட்டதும் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் மூன்று மணி வரை சீரியல்தான். அதில் ஒன்றில் சின்ன மருமகள், மாமியாரிடம் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அவரை மாடி அறையில் அடைத்து வைக்கிறாள். இரண்டு வாரமாக இதே கதை. அத்தைக்குச் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. போன வாரம் எங்கள் ஊர் ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு அந்த நடிகை வந்திருந்தார். அத்தை அவர் கையைப் பிடித்து, "பெரியவ வயிறெரிஞ்சா நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டார். கொழுந்தன் மகன் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, எல்லோரும் சிரிக்கிறார்கள். அத்தை யாரிடமும் பேசுவதில்லை. கேபிளை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். ஆறு மாதம் முன்புதான் அத்தை வீட்டை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, கேபிளை நிறுத்த வேண்டாம். அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கையும் பிடுங்கினால் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சீரியல் வில்லியைத் திட்டுவது ஊரில் இல்லாத வழக்கமும் இல்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் வீட்டுப் பெண்களைத் தலைதூக்க விடாத ஆதி குணசேகரனாக நடித்தாரே மாரிமுத்து, அவரை எத்தனை வீடுகளில் திட்டித் தீர்த்தார்கள்! 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். அப்போது அழுதவர்களும் திட்டியவர்கள்தான். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்த பிறகும் பழைய குணசேகரனைத் தேடினார்கள்.

ஆனாலும் அந்த நடிகையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. செட்டில் கையில் கொடுக்கும் பேப்பரில் உள்ளதைத்தான் அவர் பேசுகிறார். திரையில் நாம் கேட்கும் குரலே பல தொடர்களில் வேறொரு டப்பிங் கலைஞருடையது. அத்தையிடம் இதை ஒரு முறை பக்குவமாகச் சொல்லுங்கள், போதும்.

எனக்கு உறுத்துவது, வீட்டை எழுதிக் கொடுத்ததாகப் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த ஒரு வரி. கையெழுத்துப் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. தினமும் மதியம் தன்னைப் போலவே ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். சாப்பாடு எப்படி இறங்கும்? நீங்கள் குறை வைக்கவில்லை, சரி. ஆனால் பத்திரத்தில் தனக்கென்று என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாராவது படித்துக் காட்டினீர்களா? உங்களிடம் கேட்டால் பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்ற தயக்கம் இருந்திருக்கும். அதைத்தான் ஜவுளிக்கடை வாசலில் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பத்திரத்தை எடுத்து முதலில் நீங்களும் கணவரும் படியுங்கள். கடைசிவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் வழக்கறிஞரைப் பார்த்து எழுத்தில் செய்து கொடுங்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். இந்தச் சட்டத்தையும் அத்தையிடம் சொல்லுங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொன்னாலே அவருக்குப் பாதி பயம் தெளியும். சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

அப்புறம் அந்த வீடியோ. அதை இன்றைக்கே குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். போட்ட பையன் பாட்டியிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்.