ஃபிட்டிங்குக்கு முன்னால் சீட்டைப் பாருங்கள்

அண்ணாச்சி, பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை சைக்கிளில் போய்வந்தால் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது, ஃபிட்டிங்குக்கு, அதாவது சைக்கிளை உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து தருவதற்கு, 5,000 ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதுதான் காரணம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, ஓட்டும் ஷூவோடு குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. முழங்கால் மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், ஆனால் ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய உயரத்தில் டேப் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டாமல் விட்டு ஒரு வாரம் திண்டாடினேன். இரண்டு வாரம் ஓட்டியும் வலி குறையவில்லை, கையும் மரத்துப்போகிறது என்றால் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் ஃபிரேமே உங்களுக்குப் பெரிது என்றால் ஃபிட்டிங்கால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அப்புறம், ஆடிக் காற்றை எதிர்த்து மேற்கே மிதித்தால் யாருக்கும் கால் வலிக்கத்தான் செய்யும், அந்த வலியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.