வீட்டில் கட்டும் ஆடியோ ஆம்பிளிஃபயரின் பவர் சப்ளைக்கு எத்தனை மில்லிஹென்றி இண்டக்டர் போட வேண்டும்?

மில்லிஹென்றியை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் சப்ளையில் ஓடும் டிசி கரண்டில் அந்த மில்லிஹென்றியில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒன்று: ஆம்பிளிஃபயர் கிளாஸ் ஏபி என்றால் காயிலே (இண்டக்டரே) வேண்டாம். பாட்டுக்கேற்ப கரண்ட் ஏறி இறங்கும். காயில் அந்த ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும். அந்தக் காசில் கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போடுங்கள். சதா ஒரே அளவு கரண்ட் இழுக்கும் கிளாஸ் ஏ-க்குத்தான் காயில் பொருந்தும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு கெப்பாசிட்டர், காயில், மறுபடி கெப்பாசிட்டர்.

ரெயிலுக்கு (பிளஸ், மைனஸ் என்ற ஒவ்வொரு சப்ளை வரிக்கும்) 2 ஆம்பியர், காயிலுக்கு இருபுறமும் 22,000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 100 ஹெர்ட்ஸ். முதல் கெப்பாசிட்டரில் அது 0.9 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த அதிர்வெண்ணில் 2.2 மில்லிஹென்றி காயில் 1.4 ஓம் எதிர்ப்புக் காட்டும், இரண்டாவது கெப்பாசிட்டர் 0.07 ஓம்தான். ஆக ரிப்பிள் சுமார் 18-ல் ஒரு பங்காகி 50 மில்லிவோல்ட் பக்கம் வந்துவிடும். அதே இடத்தில் 0.47 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 6, 7-ல் ஒரு பங்காகத்தான் குறையும், கிட்டத்தட்ட 2 வாட் சூடாகவும் போகும். 1 மில்லிஹென்றி காயிலும் இந்த ரெசிஸ்டரைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்காது.

காயிலின் டிசி மின்தடை குறையக் குறைய நல்லது என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அப்படி இல்லை. காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 20, 30 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வுக்கு வரும், 0.05 ஓம் காயில் என்றால் ஆன் செய்ததும் ரெயில் ஏறி இறங்கி ஆடும். 0.3 ஓம் அளவில் மின்தடை இருந்தால் அந்த ஆட்டம் தானே அடங்கும். அதற்கு விலை 0.6 வோல்ட், 1.2 வாட். கொடுக்கலாம்.

இனி கோர், அதாவது கம்பி சுற்றப்படும் உட்பகுதி. பழைய போர்டுகளில் 10 மில்லிஹென்றி என்று அச்சிட்ட காமன் மோட் சோக் (மின் இரைச்சலைத் தடுக்கும் இரட்டைச் சுற்றுக் காயில்) கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். அதன் ஃபெரைட்டில் காற்று இடைவெளி கிடையாது. ஒரு சுற்றில் மட்டும் டிசி ஓடினால் ஒரு ஆம்பியர் எட்டுவதற்குள்ளேயே கோர் செறிவடைந்துவிடும், அதாவது அதற்குமேல் காந்தத்தை ஏற்காது. பிறகு அது வெறும் கம்பித் துண்டு. கம்ப்யூட்டர் சப்ளையில் இருக்கும் மஞ்சள் வெள்ளை டொராய்டு (வளையக் கோர் காயில்) டிசியைத் தாங்கும், ஆனால் 100 மைக்ரோஹென்றி இருந்தாலும் 100 ஹெர்ட்ஸில் 0.06 ஓம்தான். எனவே இடைவெளி விட்ட இரும்புத் தகடு சோக், இல்லையென்றால் ஸ்பீக்கர் கிராஸ்ஓவருக்கு விற்கும் காற்றுக் கோர் காயில். இரண்டாவது செறிவடையவே செய்யாது, 1.4 மி.மீ. கம்பியில் சுற்றிய 2.2 மில்லிஹென்றிக்கு மின்தடை 0.4 ஓம் பக்கம் வரும். ஆனால் காந்தப்புலத்தைச் சுற்றிலும் சிந்தும்.

டேட்டாஷீட்டில் இரண்டு கரண்ட் இருக்கும்: ஒன்று சூட்டுக்கானது, மற்றது செறிவுக்கானது. இரண்டில் சிறியதே உங்கள் எல்லை. அதுவும் 2 ஆம்பியர் தேவைக்கு 3-க்குக் குறையாமல் எடுங்கள். இண்டக்டரை அளக்கும் எல்சிஆர் மீட்டர் டிசி இல்லாமல் அளப்பதால் செறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. 25 வோல்ட் ரெயிலில் 12 ஓம், 100 வாட் ரெசிஸ்டரை ஹீட்சிங்கில் பொருத்தி லோடாக்கி, மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சில் காயிலுக்கு முன்னும் பின்னும் ரிப்பிளை அளங்கள். பிறகு 50 ஓம் லோடிலும் அளங்கள். முன், பின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 12 ஓமில் விகிதம் சரிந்தால் அந்தக் காயில் உதவாது.

எஸ்எம்பிஎஸ் (அதிவேகமாக ஸ்விட்ச் ஆகும் சப்ளை) என்றால் கணக்கே வேறு: 100 கிலோஹெர்ட்ஸில் 10 மைக்ரோஹென்றியே 6 ஓம் காட்டும், காந்தக் கவசமிட்ட ஃபெரைட் காயில் போதும்.

பிளஸ், மைனஸ் ரெயிலுக்கு ஆளுக்கொன்று போடுங்கள், கிரவுண்டு ஒயரில் வேண்டாம். காயிலை டிரான்ஸ்பார்மருக்குச் செங்குத்தாக, இன்புட் ஒயரைவிட்டுத் தள்ளி வையுங்கள். துளை போடுமுன் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு, காயிலைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டு, ஹம் குறைந்த கோணத்தில் இறுக்குங்கள்.