வாசகர் கேள்வி – பதில்: சாற்றில் தோய்த்த ரொட்டி

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் மகனைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அவர் குடியிருக்கும் பகுதியிலுள்ள பழைய சாண்ட்விச் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். வாட்டிய மாட்டிறைச்சியை ரொட்டியில் வைத்துத் தருவதுதான் அங்கே முக்கிய வியாபாரம். மூன்று தலைமுறைகளாக நடக்கிறதாம். ஒரே பண்டத்தை நம்பி ஒரு கடை இவ்வளவு காலம் எப்படி நிற்கிறது?

பதில்: ஒரே பண்டமாக இருப்பதுதான் அந்தக் கடையின் பலம் என்பது என் கருத்து. ரோஸ்ட் பீஃப் எனப்படும் இந்த வாட்டிய மாட்டிறைச்சிக்குப் பெரும்பாலும் பயன்படுவது மாட்டின் பின்தொடைப் பகுதி. கொழுப்பு குறைந்து, நார் மிகுந்து, விலையும் மலிவாக இருக்கும் அந்த இறைச்சியைத் தடித்த துண்டாக வறுத்துத் தந்தால் மென்று தீராது. ஆனால் பெரிய கட்டியாகவே மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி, சற்று ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே தாளைப் போல மெல்லியதாகச் சீவினால், அதே இறைச்சி பல்லுக்கு இதமாகிவிடுகிறது. மலிவான சரக்கைச் சுவையான உணவாக்குவது கத்தியும் பொறுமையும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டிய இறைச்சியை மறுநாள் சூடாக்கினால் அது வறண்டு, நிறமும் மங்கிவிடும். ஆகவே இன்று எத்தனை கட்டிகளை அடுப்பில் ஏற்றுவது என்பதைக் காலையிலேயே தீர்மானித்தாக வேண்டும். ஒரே தெருவில் பல ஆண்டுகள் இருந்து, எந்தக் கிழமை எவ்வளவு கூட்டம் வரும் என்று அறிந்தவருக்கே அது கைவரும். சீவும்போது உதிரும் தூள்களும் வீணாவதில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அந்த உதிரிகளைக் குழம்பிலேயே ஊறவிட்டு, ‘டெப்ரீ’ என்ற பெயரில் நீள ரொட்டிக்குள் நிரப்பித் தருகிறார்கள். நல்ல துண்டுகளை விட்டுவிட்டு அதையே கேட்டு வாங்குபவர்கள் உண்டு.

கேள்வி: என் தோழி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இறைச்சிச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தரும் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். ரொட்டி ஊறிப்போகாதா? இந்த வழக்கம் எப்படி வந்தது?

பதில்: உங்கள் தோழி குறிப்பிடுவது 1908இல் தொடங்கிய ஃபிலிப்ஸ் கடையாக இருக்கக்கூடும். பிரான்சிலிருந்து குடியேறிய ஃபிலிப் மாத்தியூ என்பவர் அதை நிறுவினார். 1918இல் ஒருநாள் கை தவறி ரொட்டி ஒன்று சூடான சாறு இருந்த வாட்டுத்தட்டில் விழுந்ததாகவும், வாடிக்கையாளர் அதையே கொடுக்கச் சொல்லி வாங்கிச் சென்று, மறுநாள் நண்பர்களோடு வந்து அப்படியே வேண்டும் என்று கேட்டதாகவும் அந்தக் கடையினர் சொல்கிறார்கள். அதே 1908இல் அதே நகரில் தொடங்கிய கோல்ஸ் என்ற கடையும் இந்தப் பெருமை தனக்கே உரியது என்று சொல்லிவந்தது. அதன் கதையில் வருபவர் கடினமான ரொட்டியை மெல்ல முடியாத ஒரு வாடிக்கையாளர். இரண்டில் எது உண்மை என்று இனித் தீர்ப்பதற்கில்லை.

ஃபிலிப்ஸ் கடை 1927இல் மார்ட்டின் குடும்பத்தின் கைக்கு வந்தது. நெடுஞ்சாலை அமைப்பதற்காகப் பழைய இடத்தை விட நேர்ந்து, 1951இல் அலமேடா தெருவுக்கு மாறியது. தரையில் மரத்தூள் தூவியிருக்கும். முன்பின் அறியாதவர்கள் நீண்ட மேசைகளில் ஒன்றாக அமர்ந்து உண்பார்கள். 2012 வரை அங்கே ஒரு கோப்பை காப்பி வரி உட்படப் பத்து சென்ட்தான். அந்த ஆண்டில் 45 சென்ட் ஆனது. காப்பியில் இலாபம் பார்க்காமல், நாள்தோறும் வருபவரின் சில்லறையை மதித்த கடை அது என்பதாலேயே அதன்மீது எனக்குத் தனி மரியாதை.

ரொட்டி ஊறிப்போகாதா என்று கேட்டிருந்தீர்கள். மேல்தோல் மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, வெட்டிய முகத்தை மட்டும் சாற்றில் ஒற்றி எடுக்கிறார்கள். உள்பக்கம் சாற்றைக் குடித்துக்கொள்ள, வெளித்தோல் விறைப்பாகவே நிற்கிறது. மென்மையான ரொட்டியில் இதைச் செய்தால் கையிலேயே குழைந்துவிடும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தாரோ ரொட்டியின் தலையிலேயே சுவையை வைக்கிறார்கள்: கல்லுப்பும், சீரகத்தைப் போன்ற கேரவே விதையும் ஒட்டிய பன் அது. தென்ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் என்பார்கள். கூடவே ஹார்ஸ்ரேடிஷ் என்னும் கிழங்கின் துருவல். கடுகின் இனத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் காரம் நாக்கைக் காட்டிலும் மூக்கில்தான் ஏறும்.

கேள்வி: அந்த இறைச்சி நடுவில் சிவந்திருந்தது. இரத்தம் என்று எண்ணி நான் தொடவில்லை. வேகாத இறைச்சியையா விற்கிறார்கள்?

பதில்: அது இரத்தம் அன்று. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. சூடு ஏற ஏற அந்தப் புரதம் உருமாறிப் பழுப்பாகும். மிதமான சூட்டில் வாட்டினால் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவே நிற்கும். முழுக்கட்டியாக உள்ள மாட்டிறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதாலும், அந்தப் பரப்பு நன்றாக வாட்டப்படுவதாலும், உட்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை கூறுகிறது. கொத்திய இறைச்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுவதால் அதற்கு 71 டிகிரி வேண்டும். கருவுற்றவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் சிவந்த இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது.

உங்களுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், அடுத்த முறை ஓரத்துண்டு வேண்டும் என்று கேளுங்கள். கட்டியின் இரு முனைகளிலும் நன்றாக வெந்து, உப்பும் மிளகும் தடித்துப் படிந்திருக்கும் பகுதி அது. ஒரு கட்டிக்கு இரண்டுதான் கிடைக்கும் என்பதால், சற்று முன்னதாகப் போவது நல்லது.